வீடு டி.சி.யில், வோட்டு எங்கே?

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"சமீபத்தில்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இப்போது வாஷிங்டன் டி.சி. எல்லைக்குள் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். அங்கே போனால் செனட் தேர்தலில் வோட்டுப் போட முடியாது, ஆனால் வரி மட்டும் முழுசாகக் கட்ட வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? டி.சி. தனி மாநிலமாகி, பேரும் மாறிவிட்டால் பத்திரம், லைசென்ஸ் எல்லாம் என்ன ஆகும்? ஊரில் என் தாத்தாவின் பத்திரத்தில் 'சென்னை ராஜதானி' என்றுதான் இருக்கிறது. அது இன்றும் செல்கிற மாதிரி இதுவும் செல்லுமா?"

நண்பர்கள் சொன்னது சரிதான். இன்று உங்களுக்கு இரண்டு செனட்டர்களும், பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினரும் இருக்கிறார்கள். ஈஸ்டர்ன் அவென்யூவைத் தாண்டிக் குடிபோனால் மூவருமே உங்களுக்கு இல்லை. அந்தச் சாலையில் ஒரு வரிசை வீடுகள் மேரிலாந்து, எதிர்வரிசை டி.சி., அதாவது கொலம்பியா மாவட்டம் (District of Columbia). அதே மரங்கள், அதே தெருவிளக்குகள். நடந்து கடக்க அரை நிமிஷம் ஆகாது.

அங்கே போனபின் மிச்சம் என்ன என்று பார்ப்போம். மேயர், 13 பேர் கொண்ட நகர மன்றம், அட்டர்னி ஜெனரல் ஆகியோரை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஜனாதிபதி தேர்தலிலும் வோட்டு உண்டு. 1961-ல் வந்த 23-வது அரசியல் சட்டத் திருத்தம் டி.சி.க்கு 3 தேர்வாளர்களை, அதாவது ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை, கொடுத்தது. 1964-ல்தான் ஊர் மக்கள் முதன்முதலாக அந்தத் தேர்தலில் கலந்துகொண்டார்கள். பிரதிநிதிகள் சபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் பேசலாம், கமிட்டிகளில் வோட்டுப் போடலாம், ஆனால் ஒரு மசோதா சபையில் இறுதி வாக்கெடுப்புக்கு வரும்போது அவருக்கு வோட்டு இல்லை. செனட்டில் யாருமே இல்லை. வாக்குச்சீட்டில் 'நிழல் செனட்டர்' என்று ஒரு பதவியைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அவர்களுக்குச் செனட்டில் இடமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. மாநில அந்தஸ்துக்காக வாதாடுவதுதான் அவர்கள் வேலை.

வரி விஷயத்தில் சலுகை எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான பியூர்ட்டோ ரிக்கோவுக்கும் காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) வோட்டுள்ள உறுப்பினர் இல்லை, ஆனால் அங்கே உள்ளூரில் சம்பாதிக்கும் பெரும்பாலோர் மத்திய வருமான வரி கட்டுவதில்லை. டி.சி.க்காரர்கள் மட்டும் மற்ற மாநிலத்தார்போல முழு வரியும் கட்டுகிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாராவது கிரீன் கார்டில் இருந்தால், குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளூர்த் தேர்தல்களில் மட்டும் வோட்டுப் போடலாம் என்று நகர மன்றம் 2022-ல் சட்டம் இயற்றியது. அதை ரத்து செய்யக் காங்கிரஸில் தொடர்ந்து முயற்சி நடக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தில் வோட்டைப் பற்றிய கேள்வி இருப்பதால், ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அவர்கள் பெயரைப் பதிவு செய்யாதீர்கள்.

ஏன் இப்படி? 1783-ல் சம்பள பாக்கி கேட்டுப் படைவீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சில்வேனியா அரசு தன் படையை அனுப்ப முன்வரவில்லை; காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டது. எந்த மாநிலத்தின் தயவையும் எதிர்பாராத தலைநகர் வேண்டும் என்ற எண்ணம் அந்த அனுபவத்தால் உறுதிப்பட்டது. பக்கத்துக்குப் பத்து மைலுக்கு மேற்படாத ஒரு சதுரம் முழுக்கக் காங்கிரஸின் அதிகாரத்தில் இருக்கும் என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். மேரிலாந்தும் வர்ஜீனியாவும் நிலம் கொடுத்தன. 1791-லும் 1792-லும் அளந்து, மைலுக்கு ஒன்றாக 40 எல்லைக் கற்கள் நட்டார்கள். அவற்றில் வடகோடிக் கல் உங்கள் ஊர் ஈஸ்ட்-வெஸ்ட் ஹைவேயை ஒட்டித்தான் இருக்கிறது. வீடு மாறுவதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரும்புக் கிராதிக்குள் முழங்கால் உயரத்துக்குத் தேய்ந்துபோன ஒரு கல், அவ்வளவுதான். மேரிலாந்தைப் பார்த்த பக்கத்தில் அந்த மாநிலத்தின் பெயரும், நகரத்தைப் பார்த்த பக்கத்தில் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆளுகை' என்ற பொருளில் ஒரு வரியும் செதுக்கியிருந்தார்கள். அதுவரை மேரிலாந்துக்காரராகவோ வர்ஜீனியாக்காரராகவோ வோட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், 1801-ல் காங்கிரஸ் நேரடி ஆட்சியை எடுத்துக்கொண்டதும் அந்த உரிமையை இழந்தார்கள். 1846-ல் வர்ஜீனியாவின் பங்கை அந்த மாநிலத்துக்கே திருப்பிக் கொடுக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. மிச்சம் இருக்கிற 68 சதுர மைல்தான் இன்றைய டி.சி.

இது ஏதோ பழைய கதை என்று நினைக்க வேண்டாம். அன்றாட வாழ்க்கையில் இது எப்படி வந்து நிற்கிறது என்றால், 2020 கொரோனா நிவாரணத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறைந்தபட்சம் 125 கோடி டாலர் என்று வைத்தார்கள், டி.சி.யை மாநிலக் கணக்கில் சேர்க்காமல் சுமார் 50 கோடி டாலர் மட்டும் கொடுத்தார்கள். விடுபட்ட தொகை அடுத்த ஆண்டுதான் வந்தது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டபோது மேயரால் நேஷனல் கார்டு படையைத் தானே இறக்க முடியவில்லை. மாநில ஆளுநர்களுக்கு உள்ள அந்த அதிகாரம் டி.சி.யில் ஜனாதிபதியிடம்தான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி டிரம்ப், நகர போலீஸையே 30 நாளுக்குத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். 1973-ன் உள்ளாட்சிச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மன்றம் இயற்றும் சட்டங்களும் காங்கிரஸின் பார்வைக்குப் போய் வர வேண்டும். 2020 கணக்கெடுப்பின்படி இந்த ஊரில் 6,89,545 பேர் இருக்கிறார்கள். வயோமிங்கையும் வெர்மாண்டையும் விட அதிகம். அந்த இரண்டுக்கும் தலா இரண்டு செனட்டர்கள். டி.சி.க்கு மாநில அந்தஸ்து கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் என் உறுதியான எண்ணம்.

எப்போது நடக்கும்? புது மாநிலம் சேர்க்க அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. அலாஸ்கா, ஹவாய் இரண்டும் 1959-ல் சேர்ந்ததுபோல, காங்கிரஸின் இரு அவைகளும் ஒரு சட்டம் நிறைவேற்றி ஜனாதிபதி கையெழுத்திட்டால் போதும். 2016-ல் டி.சி. மக்களிடம் கேட்டபோது சுமார் 86 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். பிரதிநிதிகள் சபை 2020-ல் 232-180 என்றும், 2021-ல் 216-208 என்றும் மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. விவாதத்தை முடிக்கவே அங்கே 60 வோட்டு வேண்டும். டி.சி. எப்போதும் ஜனநாயகக் கட்சிக்கே வோட்டுப் போடுகிற ஊர் என்பதால், அந்தக் கட்சிக்கு இரண்டு செனட்டர்கள் கூடுவதைக் குடியரசுக் கட்சி ஏற்பதில்லை. குடியிருப்புப் பகுதியை மேரிலாந்துக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர்களில் சிலர் சொல்கிறார்கள். அதற்கு மேரிலாந்து சம்மதிக்க வேண்டும், டி.சி. மக்களுக்கும் அதில் நாட்டமில்லை. ஒரு சட்டச் சிக்கலும் உண்டு: குடியிருப்புகள் எல்லாம் மாநிலமாகிவிட்டால், வெள்ளை மாளிகையும் நினைவுச் சின்னங்களும் உள்ள சின்னஞ்சிறு பகுதிக்கு 23-வது திருத்தப்படி 3 தேர்வாளர்கள் மிஞ்சுவார்கள். அந்தத் திருத்தத்தையும் நீக்க வேண்டிவரும். ஆகவே சீக்கிரம் மாநிலமாகிவிடும் என்று நம்பி வீடு வாங்காதீர்கள். வீடு பிடித்திருந்தால் வாங்குங்கள்.

அப்புறம் பெயர். 1982-ல் மக்கள் ஏற்ற மாநில அரசியல் சட்டத்தில் 'நியூ கொலம்பியா' என்று இருந்தது. 2016-ல் அதை மறுபடி எடுத்தபோது எதிர்ப்பு வந்தது. கொலம்பியா என்பது கொலம்பஸின் பெயரிலிருந்து வந்தது. இந்த ஊரில் காலூன்றாத ஒருவர் பெயர் நமக்கெதற்கு என்று கேட்டார்கள். வெறும் 'வாஷிங்டன்' என்று வைக்கலாம் என்றால், மேற்குக் கடற்கரையில் அந்தப் பெயரில் ஒரு மாநிலம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர் வந்த கதையையும் கேளுங்கள். அங்கே குடியேறியவர்கள் தங்கள் பகுதிக்கு 'கொலம்பியா' என்ற பெயர்தான் கேட்டார்கள். கொலம்பியா மாவட்டம் என்று ஒன்று இருக்கிறதே, குழப்பம் வரும் என்று 1853-ல் காங்கிரஸ் அதை 'வாஷிங்டன்' என்று மாற்றியது. அந்தக் குழப்பத்தைத்தான் இன்றுவரை எல்லாரும் அனுபவிக்கிறோம்.

கடைசியில் நகர மன்றம் 'வாஷிங்டன், டக்ளஸ் காமன்வெல்த்' என்று முடிவு செய்தது. முதலெழுத்துகள் அதே டி, சி. காமன்வெல்த் என்பதும் புதிதல்ல. வர்ஜீனியாவும் பென்சில்வேனியாவும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கின்றன. டக்ளஸ் என்பது பிரடெரிக் டக்ளஸ். உங்கள் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். தன் பிறந்த தேதிகூட அவருக்குத் தெரியாது. 1838-ல் தப்பியோடி, பிடிபடாமலிருக்க பெய்லி என்ற பெயரை விட்டுவிட்டு டக்ளஸ் ஆனார். பிறகு எழுத்தாளர், பத்திரிகையாசிரியர், பேச்சாளர். 1877-ல் அனகோஸ்டியா மேட்டில் சீடர் ஹில் என்ற வீட்டை வாங்கினார். கறுப்பர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மனை போட்ட பகுதி அது. அதைப் போட்டவர் தனக்காகக் கட்டிய வீட்டையே டக்ளஸ் வாங்கினார். 1895-ல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். இப்போது அது நினைவில்லம். அதன் முன்வாசலில் நின்றால் கீழே நகரம் முழுவதும் தெரியும், நாடாளுமன்றக் குவிமாடம் உட்பட. இந்த ஊர்க்காரர்களுக்கு வோட்டு இல்லாததை எதிர்த்து அவர் எழுதவும் செய்தார். இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

சரி, உங்கள் பத்திரம். பெயர் மாறினால் எழுதின பத்திரம் செல்லாது என்ற பயமே வேண்டாம். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிய 1969-க்குப் பிறகும் தாத்தாவின் பத்திரம் செல்லுபடியாவது போலத்தான். இருக்கிற சட்டங்கள் தொடரும், நடக்கிற வழக்குகள் தொடரும் என்றுதான் காங்கிரஸ் மசோதாவும் சொல்கிறது. லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது புது அட்டை வரலாம், முகவரியில் 'டி.சி.' அப்படியே இருக்கும். வீடு முடிந்ததும் பத்திரத்தை டி.சி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்வார்கள். 1881 முதல் 1886 வரை அந்தப் பதிவாளர் பதவியில் இருந்தவரும் பிரடெரிக் டக்ளஸ்தான். மனிதர்களையே சொத்தாக எழுதிவைத்த காலத்தில் பிறந்தவர், தலைநகரின் சொத்துப் பத்திரங்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார்.

குடிபோனதும் வாக்காளர் பதிவை டி.சி.க்கு மாற்றுங்கள். உங்கள் பகுதியின் அக்கம்பக்க ஆலோசனைக் குழு உறுப்பினர் யார் என்று விசாரித்து வையுங்கள். சுமார் 2,000 பேருக்கு ஒருவர் இருப்பார், குப்பைத் தொட்டியிலிருந்து கட்டட அனுமதிவரை அவரிடம் பேசிப் பார்க்கலாம். காரைப் பதிவு செய்யும்போது தரும் நம்பர் பிளேட்டில், 'பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பை நிறுத்துங்கள்' என்ற வாசகம் ஆங்கிலத்தில் இருக்கும். வேறு வாசகம் உள்ளதையும் கேட்டு வாங்கலாம். என் காரில் நான் மாட்டியிருப்பது முதலில் சொன்னதைத்தான்.