முந்நூறு பவுண்டு கூடக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, என் கணவருக்கு அடுத்த மாதம் ஐம்பது வயது முடிகிறது. இரண்டு வருடமாக ஒரு பழைய கராட் ஏஸ் 250 மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையானால் வயல் வயலாக அலைகிறார். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று விசாரித்தேன். மைன்லேப் ஈக்வினாக்ஸில் 700, 900 என்று இரண்டு இருக்கின்றன. கடைக்காரர் 900தான் வாங்க வேண்டும் என்கிறார். கிட்டத்தட்ட முந்நூறு பவுண்டு கூடுதல். அந்தக் காசுக்கு மதிப்பு உண்டா?
வாசகி, செம்ஸ்ஃபோர்டு

பதில்: கடைக்காரர் வேறென்ன சொல்வாரம்மா!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏஸ் 250லிருந்து 700க்குப் போவது பெரிய தாவல். 700லிருந்து 900க்குப் போவது வாசற்படி ஏறுவது மாதிரி. கடையில் இரண்டையும் ஒரே தாவல் போலப் பேசுவார்கள்.

டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டக் காயில் (கம்பிச்சுருள்) மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை மாற்றி மாற்றி அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சின்னதாக ஒரு மின்சுழல் உண்டாகி, கொஞ்சம் தாமதமாகப் பதில் வரும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் இது இரும்பு, இது வெள்ளி, இது சாக்லேட் சுற்றிய தாள் என்று கருவி கணக்குப் போடுகிறது. குறைந்த அதிர்வெண் பெரிய செம்பையும் வெள்ளியையும் ஆழத்தில் நன்றாகப் பிடிக்கும். மிகச் சிறிய, மெல்லிய பொருளுக்கு உயர்ந்த அதிர்வெண் வேண்டும். உங்கள் வீட்டு ஏஸ் 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒன்றை மட்டும் அனுப்புகிறது. ஈக்வினாக்ஸ் பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பி, மண்ணின் உப்பையும் தாதுக்களையும் கழித்துவிட்டுச் சொல்கிறது. அந்த வித்தை 700, 900 இரண்டிலும் ஒன்றுதான். திரையில் காட்டும் எண் வரிசையும் இரண்டிலும் ஒன்றே. இரண்டையும் ஐந்து மீட்டர் தண்ணீருக்குள் கொண்டு போகலாம்.

அப்புறம் 900இல் என்ன கூடுதல்? 20, 40 கிலோஹெர்ட்ஸைத் தனியாக ஓட்டும் வசதி, தங்கக் கட்டி தேடுவதற்கென்று ஒரு 'கோல்டு' மோடு, பெட்டிக்குள் இன்னொரு ஆறு அங்குலக் காயில். மைன்லேப் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்த நிறுவனம். விக்டோரியா மாநிலத்தின் செம்மண்ணில் அரிசி அளவுத் தங்கக் கட்டி தேடுகிறவனுக்கு அந்த மோடு தேவை. எசெக்ஸ் களிமண்ணில் தங்கக் கட்டி விளைவதில்லை. உங்கள் கணவர் அதை ஒருமுறை போட்டுப் பார்ப்பார், இரைச்சல் தாங்காமல் அணைத்துவிடுவார்.

அதிர்வெண் சமாசாரத்தில் ஒரு சின்ன நியாயம் உண்டு. 1279க்கு முன் இங்கிலாந்தில் சில்லறை வேண்டுமென்றால் வெள்ளிப் பென்னியையே இரண்டாகவோ நான்காகவோ வெட்டிக்கொள்வார்கள். அந்தக் கால் துண்டு அரைக் கிராம்கூடத் தேறாது. நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். அதைப் பிடிக்க உயர் அதிர்வெண் நல்லதுதான். ஆனால் பல அதிர்வெண் ஓட்டத்திலேயே 700 அதைப் பிடித்துவிடும். காயிலை நிதானமாக வீச வேண்டும், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது அந்தச் சின்னக் காயில். என் கணக்கில் 900இல் காசு பெறுமானமுள்ள பொருள் அது ஒன்றுதான். பழைய ரோமானியச் சாலையோரத்தில் எனக்கு ஒரு வயல் இருக்கிறது (பர்மிஷன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், வயல் பண்ணைக்காரருடையது). அங்கே கால் வைக்கிற இடமெல்லாம் இரும்பாணி. பெரிய காயிலின் அடியில் ஒரே நேரத்தில் மூன்று ஆணி வந்துவிடும். நடுவில் நாணயம் கிடந்தாலும் ஆணியின் சத்தத்தில் அது மறைந்துபோகும். ஆறு அங்குலக் காயில் போட்டால் ஆணிகளுக்கு இடையில் எட்டிப் பார்க்கலாம். ஆழம் குறையும், வீச்சு குறையும், ஒரு ஏக்கர் நடக்க நாள் முழுக்க ஆகும். இருந்தாலும் நான் 'தேய்ந்துபோய்விட்டது' என்று கைவிட்ட மூலையில் அது பதினோரு ரோமானியச் செப்புக் காசு எடுத்துக் கொடுத்தது. இந்தக் காயில் தனியாகவும் கிடைக்கும். முந்தைய 600, 800 வரிசையின் காயிலும் இதில் பொருந்தும் என்பதால் பழைய சந்தையில் இன்னும் மலிவு.

ஆகவே அவரிடம் பேச்சுவாக்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உங்க வயல்ல ஆணி நிறைய வருதா?" முகத்தைச் சுளித்துக்கொண்டு அரை மணி நேரம் புலம்பினால் 900 வாங்குங்கள், காயில் விலையைக் கழித்தால் வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும். "அப்படியொன்றும் இல்லையே" என்றால் 700 போதும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கோல்செஸ்டரில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான். முதல் கருவி உங்கள் வீட்டில் இருக்கும் அதே மஞ்சள் ஏஸ்தான், கைமாறி வந்தது, தொண்ணூறு பவுண்டு. அதில்தான் 1573 என்று தேதி போட்ட முதலாம் எலிசபெத் ராணியின் ஆறுபென்னி வெள்ளிக் காசை எடுத்தேன், வெறும் நான்கு அங்குல ஆழத்தில். 2018இல் ஆசைப்பட்டு ஈக்வினாக்ஸ் 800 வாங்கினேன். முதல் மூன்று மாதம் கிடைத்ததெல்லாம் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை மூடியும் பால்புட்டித் தகடும். விலை கொடுத்ததை எல்லாம் பயன்படுத்த வேண்டுமே என்று சென்சிடிவிட்டியை உச்சமான 25இல் வைத்திருந்தேன். கருவி பொரி பொரிகிற மாதிரி சத்தம் போட்டது. கிளப்பில் ஒரு பெரியவர் என் கையிலிருந்து வாங்கி 18க்குக் குறைத்துக் கொடுத்தார். அன்று மதியமே ஒரு ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வெள்ளிக் கொக்கி வந்தது. கருவி முதல் நாளும் அதேதான், அன்றும் அதேதான்.

வயலும் முக்கியம். இங்கே சில வயல்களில் 'கிரீன் வேஸ்ட்' என்ற தோட்டக் குப்பை உரத்தைக் கொட்டுகிறார்கள். அதோடு அரைபட்ட அலுமினியத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்கின்றன. எனக்குக் கிடைத்த நாற்பது ஏக்கரை ஒரே பருவத்தில் அப்படிக் கெடுத்துவிட்டார்கள். அங்கே 700 என்ன, 900 என்ன, இரண்டாயிரம் பவுண்டுக் கருவியும் அழத்தான் செய்யும்.

700 வாங்கினால் மிஞ்சும் காசில் ஒரு நல்ல பின்பாயின்டர் வாங்குங்கள். குழிக்குள் விட்டுத் துழாவும் கைக்கருவி அது, சிலது காரட் நிறத்தில் இருக்கும். தோண்டும் நேரம் பாதியாகும். நல்ல இரும்பு மண்வெட்டி ஒன்று. காப்பீட்டோடு வரும் டிடெக்டர் சங்க உறுப்பினர் சந்தா. அப்புறம் டிசம்பரில் பண்ணைக்காரருக்கு ஒரு விஸ்கி புட்டி. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

1992இல் சஃபோக்கில் ஹாக்ஸன் என்ற ஊரில் பீட்டர் வாட்லிங் என்ற பண்ணைக்காரர் ஒரு சுத்தியலைத் தொலைத்தார். தேடிக் கொடுக்க வந்த நண்பர் எரிக் லாஸுக்கு ரோமானியப் பொன்னும் வெள்ளியும் கிடைத்தன. நாணயம் மட்டும் பதினான்காயிரத்துக்கு மேல். கொஞ்சம் எடுத்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தைக் குலையாமல் எடுத்தார்கள். பரிசுத்தொகை பதினேழரை லட்சம் பவுண்டு. சுத்தியலும் கிடைத்தது, இன்று அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 2009இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பெரிய பொன் புதையலை எடுத்தவரின் கருவிக்கு அப்போதே பதினான்கு வயது. பிறந்தநாள் அட்டையில் வேண்டுமானால் இதை எழுதிக் கொடுங்கள்: முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள் கிடைத்தால் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தந்தப் பகுதியில் இதற்கென்று ஒரு அலுவலர் இருப்பார். தனிக் காசு ஒன்று கிடைத்தால் அது பொதுவாகப் புதையல் கணக்கில் வராது.

கேள்வி: கிளாக்டன் கடற்கரையில் பிள்ளைகளோடு விளையாடும்போது என் தாலிச் சங்கிலி அறுந்து மணலில் விழுந்துவிட்டது. உடனே ஒரு டிடெக்டர் வாங்கலாமா? எது நல்லது?
வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: வாங்காதீர்கள். பழகாத கையில் எந்தக் கருவியும் உதவாது, பழகி முடிப்பதற்குள் பத்து அலை வந்து போயிருக்கும். பக்கத்து டிடெக்டர் கிளப்பைக் கூப்பிடுங்கள். இந்த மாதிரித் தேடலுக்குக் காசு வாங்காமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நேரம் விழுந்தது, எந்தத் தடுப்புக் கட்டைக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவில், அப்போது தண்ணீர் எங்கே இருந்தது என்று இன்றே எழுதி வையுங்கள். நாளைக்கு நினைவு குழம்பிவிடும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சங்கிலி எவ்வளவு கனமாக இருந்தாலும் கருவிக்கு அது முழுசாகத் தெரியாது. கண்ணிகள் ஒன்றோடொன்று இலேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும், அதனால் கருவி ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிச் சின்ன வளையமாகத்தான் பார்க்கும். மூன்று வருடம் முன்பு நம்மவர் குடும்பம் ஒன்றுக்காக இதே கிளாக்டனில் தேடினேன். தாலி மட்டும் தெளிவாகக் கூவியது. பக்கத்தில் ஒரு சாண் தள்ளிக் கிடந்த சங்கிலி வாயே திறக்கவில்லை, சல்லடையில் மணலை அலசித்தான் எடுத்தோம். ஆகவே வருகிறவரிடம் "சங்கிலி" என்று மட்டும் சொல்லாமல் அதில் என்னென்ன கோத்திருந்தது என்று சொல்லுங்கள். சல்லடையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன 40 கிலோஹெர்ட்ஸ் இதற்கு உதவாதா என்று கேட்பீர்கள். காய்ந்த மணலில் உதவும். உப்புத்தண்ணீர் ஊறிய மணலில் அதைப் போட்டால் உப்பே உலோகம் மாதிரி அலறும்.

கேள்வி: ஒன்பது வயது மகன் டிடெக்டர் கேட்கிறான். பொம்மைக் கடையில் இருப்பது போதுமா?
வாசகர், ஹாரோ

பதில்: போதாது. அது சாவிக்கொத்தைக்கூட இரண்டு அங்குலத்துக்கு மேல் காட்டாது, பையன் ஒரே வாரத்தில் வெறுத்துவிடுவான். மேலே முதல் கேள்வி கேட்ட அம்மா வீட்டில் ஒரு மஞ்சள் ஏஸ் சும்மா கிடக்கப்போகிறது. ஆசிரியர் குழு தொடர்பு ஏற்படுத்தித் தரும்.

கேள்வி: ஊருக்குப் போகும்போது டிடெக்டரை எடுத்துப் போகலாமா? எங்கள் தோட்டத்தில் பழைய கோயில் ஒன்று இடிந்து கிடக்கிறது.
வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: கோயில் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் என்ன! இந்தியாவில் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எதுவும் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். உங்கள் சொந்த நிலம் என்பது பதிலாகாது. இடிந்த கோயிலைச் சுற்றி லண்டன்காரர் ஒருவர் கருவியோடு நடந்தால் முதலில் கூட்டம் வரும், பிறகு போலீஸ் வரும்.

திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் என் தம்பியும் கேட்டான். புதையலுக்கு இல்லை, மண்ணுக்குள் மூடிப்போன கிணற்றுக் குழாயின் வால்வைத் தேட. அதற்குக்கூட நான் கொண்டுபோகவில்லை. ஒரு கடப்பாரையை வைத்து அரை நாளில் அவனே எடுத்துவிட்டான்.