பள்ளிக்குப் போகும் வழி: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எட்டு வயது மகள், பள்ளிக்குத் தனியாக நடந்து போகிறேன் என்கிறாள். முக்கால் கிலோமீட்டர்தான். அனுப்பலாமா?

பதில்: தூரத்தை விடுங்கள், வழியில் எத்தனை இடங்களில் சாலையைக் கடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வரும் வண்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை எட்டு வயதுக் குழந்தை ஓரளவு சொல்லிவிடும். ஆனால் அது எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணிப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பத்து வயதை ஒட்டித்தான் கைவருகிறது. நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவே, அவள் கண் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை சாலையைப் பாருங்கள்: கதவும் சக்கரமும்தான் தெரியும். ஓட்டுநருக்கும் அவள் தெரியமாட்டாள். வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு அது ஓடும் தூரம் நான்கு மடங்காகிவிடும் என்பதால், கடைசி நொடியில் பார்த்தும் பயனில்லை. ஆகவே சில வாரங்கள் அவளை முன்னே நடக்கவிட்டு, எங்கே நிற்க வேண்டும், எப்போது கடக்கலாம் என்பதை அவளே வாய்விட்டுச் சொல்லும்படி செய்யுங்கள். அவள் தவறாமல் சொல்லும் நாள்தான் கணக்கு. வயது அதற்கு அடுத்தது.

கேள்வி: மகன் வளர்ந்துவிடுவான் என்று ஓர் அளவு பெரிய சைக்கிளாக வாங்கலாமா?

பதில்: வளர்வதற்கென்று சட்டை வாங்கலாம், சைக்கிள் வாங்கக் கூடாது. புதிதாக ஓட்டும் பிள்ளை இருக்கையில் அமர்ந்தபடியே கால்களைத் தரையில் ஊன்ற முடிய வேண்டும். கைப்பிடியை விடாமலே விரல்கள் பிரேக்கை எட்ட வேண்டும். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் அமர வேண்டும். பின்னே சரிந்த கவசம் நெற்றியைக் காக்காது.

கேள்வி: பள்ளிப் பேருந்தில் போனால் கவலையில்லை அல்லவா?

பதில்: உள்ளே இருக்கும் வரை பெரும்பாலும் இல்லை, இறங்கிய பிறகுதான் கவனம் தேவை. கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பேருந்தின் முன்னால் குனியும் பிள்ளை, உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்குப் படாது. எது விழுந்தாலும் தானே எடுக்காமல் ஓட்டுநரிடம் சொல்லப் பழக்குங்கள்.

கேள்வி: இருவருமே வேலைக்குப் போகிறோம், கூட நடக்க நேரமில்லை.

பதில்: ஒரே வழியில் வரும் நான்கைந்து பிள்ளைகளை, பெற்றோர் முறைவைத்து, குறித்த நேரத்தில் குறித்த இடங்களில் சேர்த்துக்கொண்டு நடத்திச் செல்லலாம். மழை நாளில் யார் முறை என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். இந்த ஏற்பாடு பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது.