பாத்தி வரைவதற்கு முன் கலங்கல் எங்கே என்று கேளுங்கள்

கேள்வி: சென்னையில் உள்ள கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில் நிலத்தோற்ற வடிவமைப்பு கற்பிக்கிறேன். நகர்ப்புறப் பசுமைக் கட்டமைப்பை, அதாவது தெருவில் ஓடும் மழைநீரை வாங்கித் தேக்கும் செடிப் பாத்திகள் போன்றவற்றை, பாடமாக வைத்தால், மாணவர்கள் அழகான படங்களைத் தருகிறார்களே தவிர, அவற்றில் எதுவும் மழைக்குத் தாங்கும் என்று தோன்றவில்லை. ஒரு பருவத்துக்குள், ஆய்வுக்கூட வசதி இல்லாமல், இதை எப்படிக் கற்பிப்பது?

பதில்: தங்கள் மாணவர்களின் குறுக்குவெட்டுப் படங்களை எடுத்து, சாலை மட்டத்தையும் பாத்தியின் மண் மட்டத்தையும் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் மதிப்பிட்ட படங்களில் பெரும்பாலானவற்றில் பாத்தி சாலையைவிட ஒரு சாண் உயர்ந்தே இருந்தது. மேட்டில் இருக்கும் பாத்திக்குத் தெருவில் ஓடும் நீர் எப்படி ஏறும்? ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்குச் செடிகளின் பெயரையே எடுக்க வேண்டாம். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கக் கையாளும், நீர் நிரப்பிய டியூப் லெவல் ஒன்றை வாங்கிக் கொடுத்து, கல்லூரிக்கு அருகிலுள்ள ஏதாவதொரு தெருவின் மேடு பள்ளங்களை அவர்களே அளக்கட்டும்.

அடுத்து மண். திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணலும், அண்ணா நகர், கொளத்தூர் பக்கம் களிமண்ணும் இருப்பதால் ஒரே வடிவமைப்பு இரண்டுக்கும் பொருந்தாது. ஓர் அடி ஆழக் குழி வெட்டி, ஒருமுறை நீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடியும் நிரப்பி, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று குறித்தால் போதும், ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோடையில் எடுத்த அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஏனெனில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் நவம்பர் கடைசியில் அதே குழி வேறு கணக்குச் சொல்லும். தேங்கிய நீர் இரண்டு நாளுக்குள் வடியாவிட்டால் அது கொசுவுக்குத்தான் தோட்டம்.

பிறகு கணக்கு. 100 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள கான்கிரீட் தெருவில் 50 மி.மீ. மழை பெய்தால், 40,000 லிட்டர் விழுந்து ஏறத்தாழ 36,000 லிட்டர் ஓடிவரும். அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று. அத்தெருவில் ஒரு மீட்டர் அகலத்தில் மொத்தம் 40 மீட்டர் நீளத்துக்கு 15 செ.மீ. பள்ளமான பாத்திகள் அமைத்தால், அவற்றில் நிற்பது 6,000 லிட்டர், அரை லாரி. மண் உறிஞ்சுவதைச் சேர்த்தாலும் மிச்சம் பெரிது. 2015 டிசம்பர் முதல் நாள் மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானதையும் நினைவூட்டினால், பாத்தி மழைநீர் வடிகாலுக்குத் துணையே தவிர மாற்று அன்று என்பது தானாகப் புரியும்.

இந்த மிச்ச நீரைப் பற்றிப் பேச நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஏரிக்கு வரத்துக் கால்வாய், கரை, மதகு, நிரம்பி மிஞ்சிய நீர் வழிந்தோடும் கலங்கல் என்று இருப்பதைப் போலவே தெருவோரப் பாத்திக்கும் நீர் நுழையும் வாயும் மிஞ்சியது வெளியேறும் இடமும் வேண்டும். ஒருநாள் வகுப்பைச் செம்பரம்பாக்கத்திலோ போரூர் ஏரிக்கரையிலோ நடத்திவிட்டு, மதிப்பீட்டின்போது ஒவ்வொரு படத்திலும் "கலங்கல் எங்கே?" என்று கேளுங்கள்.

செடித் தேர்வை இதற்குப் பிறகே தொடங்கலாம். பாத்தியின் அடியில் வெள்ளத்தையும் மே மாத வெயிலையும் ஒருசேரத் தாங்கும் வெட்டிவேரும் கோரையும், ஓரத்தில் பூவரசும் புங்கனும் எனப் பட்டியல் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. அடிமரம்வரை கான்கிரீட் பூசினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 வர்தா புயலில் வேரோடு சாய்ந்த மரங்களின் படங்களைக் காட்டலாம்.

பராமரிப்பைத் தனி விரிவுரையாக நடத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. காலையில் தெருக் கூட்டும் தூய்மைப் பணியாளரோடு மாணவர்கள் ஒரு மணி நேரம் நின்றால், நீர் நுழையும் வாயை பிளாஸ்டிக் உறையும் சருகும் எப்படி அடைக்கும் என்பதைக் கண்டு, அதன் அகலத்தைத் தாங்களே திருத்திவிடுவார்கள்.

இயன்றால் இப்பாடத்தை ஜூலையில் தொடங்கும் பருவத்தில் வையுங்கள்; வடகிழக்குப் பருவமழை அதற்குள் வந்துவிடும். முதல் நல்ல மழையன்று வகுப்பறையைப் பூட்டிவிட்டு, மின்கம்பங்களையும் மூடி திறந்த வடிகால்களையும் விட்டு விலகி நடக்கச் சொல்லி, குடையும் படமுமாக அவர்களை அந்தத் தெருவுக்கே அழைத்துச் செல்லுங்கள்.