லோகோவின் நிறம் லேசர் பிரிண்டரில் சரியாக வருமா? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லோகோவின் நிறம் பான்டோன் (எண் கொடுத்து நிறங்களை அடையாளப்படுத்தும் முறை) ஆரஞ்சு 021. ஆபீஸ் பிரிண்டரில் மங்கலாக வருகிறது. டோனர் மாற்றியும் பயனில்லை, அக்கா.

பதில்: டோனரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆஃப்செட்டில் (அச்சகத்து இயந்திரத்தில்) அந்த ஆரஞ்சைத் தனி மையாகவே ஓட்டுவார்கள். உங்களிடம் இருப்பது சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும்தான். மஞ்சள் மேல் மஜெந்தா புள்ளிகளைத் தூவி ஆரஞ்சு காட்டினால் அந்தப் பளிச் வராது. பான்டோனின் 877 வெள்ளிக்கும் 800 வரிசை நியானுக்கும் ஆசைப்படவே வேண்டாம். பான்டோன் கலர் பிரிட்ஜ் புத்தகத்தில் தனி மையும் நான்கு நிறக் கலவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதை மேலாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கிட்டத்தட்டவாவது கொண்டுவர முடியாதா?

பதில்: முடியும், பொறுமை வேண்டும். முதலில் பிரிண்டரின் கேலிப்ரேஷனை (நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியை) ஓட்டுங்கள், டோனரைக் குறைத்துப் போடும் டோனர் சேவ் இருந்தால் அணையுங்கள். டிரைவர் என்பது கணினியிலிருந்து பிரிண்டருக்குப் பக்கத்தை அனுப்பும் மென்பொருள்; அதில் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வகை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மற்ற டிரைவர்கள் பல நேரம் நீங்கள் கொடுத்த நிறச் சதவீதத்தை ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) ஆக்கித் திரும்ப மாற்றிவிடும். அப்புறம் ஸ்கிரைபஸ் மாதிரி பக்க வடிவமைப்பு மென்பொருளில் சின்னச் சின்னக் கட்டங்கள் போடுங்கள். மஞ்சள் 100, மஜெந்தா 45, 50, 55 என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றின் கீழும் எண்ணை எழுதுங்கள். வழக்கமாகப் போடும் தாளிலேயே அச்சடித்து, ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் பான்டோன் புத்தகத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெளியே வந்ததும் பிரிந்துவிடும். அப்படி ஒரு விசிட்டிங் கார்டு வேலையை நான் முழுதும் திரும்ப ஓட்டியிருக்கிறேன். கிட்ட வந்த கட்டத்தைச் சுற்றி 2 சதவீத இடைவெளியில் இன்னொரு முறை போடுங்கள். கிடைக்கும் எண் அந்தப் பிரிண்டருக்கும் அந்தத் தாளுக்கும் மட்டும்தான். திரையில் அது வேறாகத் தெரிந்தால் தெரியட்டும், எண்ணைத் தொடாதீர்கள்.

கேள்வி: நான் விண்டோஸில் வேர்டு மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: சரி, அதில் இந்தச் சதவீதங்களைக் கொடுக்க முடியாது, அதே கட்டங்களை ஆர்ஜிபி எண்களில் போடுங்கள்.

கேள்வி: லெட்டர்ஹெட்டில் லோகோ படமும் கீழே உள்ள கோடும் ஒரே எண். அச்சில் இரண்டு நிறம்!

பதில்: பல டிரைவர்கள் எழுத்து, கிராஃபிக்ஸ், போட்டோ மூன்றையும் தனித்தனியாகத் திருத்தும். கலர் அமைப்பில் மூன்றுக்கும் ஒரே தேர்வைக் கொடுங்கள்.

கேள்வி: போன மாதம் சரியாக இருந்தது, மழை தொடங்கியதும் மாறிவிட்டது.

பதில்: ஈரப்பதம் மாறினால் டோனர் ஏற்கும் மின்னூட்டமும் மாறும், தாளும் ஈரம் இழுக்கும். ரீமைப் பிரித்துப் போடாமல் உறையிலேயே வையுங்கள். ஓகே ஆன ஒரு பிரதியை வெளிச்சம் படாத கவரில் பத்திரப்படுத்துங்கள். முக்கியமான வேலைக்கு முன் கேலிப்ரேஷன் ஓட்டி, ஒரு தாள் எடுத்து அதோடு ஒப்பிட்ட பிறகு மீதியை அடியுங்கள்.