அளந்து வரைந்த மூக்கு

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் ஆன்றி ரூசோ வரைந்த 'கவிஞனுக்கு அருளும் தேவதை' படத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையன் வரைந்தது போல இருக்கிறது. உடம்பில் அளவே இல்லை. அந்தப் பெண்ணைத் தூண் மாதிரி ஆக்கிவிட்டார். இதை அந்தக் கவிஞர் எப்படிப் பொறுத்துக்கொண்டார்?
- வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: அளவு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கவிஞர் கியோம் அப்போலினேர் எதிரே வந்து உட்கார்ந்ததும் ரூசோ செய்த முதல் வேலையே அளவெடுத்ததுதான். மூக்கு, வாய், காது, நெற்றி, கை என்று, தையற்காரர் சட்டைக்கு எடுப்பது போல ஒவ்வொன்றாக அளந்து, படத்தின் அளவுக்குச் சுருக்கிக் குறித்துக்கொண்டார். அப்போலினேரே இதை எழுதிவைத்திருக்கிறார். பாரிஸ் நகர எல்லையில் உள்ளே வரும் சரக்குக்கு வரி வாங்கும் சாவடியில் வருஷக்கணக்காகக் குமாஸ்தா வேலை பார்த்தவர் ரூசோ. ஓவியப் பள்ளிப் பக்கம் போனதில்லை. 49 வயதில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்தார். எதையும் அளந்து, எண்ணிப் பார்க்காமல் விடமாட்டார்.

படத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா? வரிசையாகப் பூச்செடிகள். பிரெஞ்சில் 'கவிஞனின் கார்னேஷன்' என்று பெயருள்ள ஒரு பூ உண்டு. கவிஞரின் படமாயிற்றே, அதைத்தான் வைக்க நினைத்தார். கை தவறி வேறொரு பூவை வரைந்துவிட்டார். தெரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? முழுப் படத்தையும் இன்னொரு முறை வரைந்தார். அதனால்தான் 1909ஆம் வருஷத்துப் படங்களாக இன்று இரண்டு இருக்கின்றன: ஒன்று மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில், மற்றது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். ஒரு பூவுக்காக இரண்டு ஆளையும் மரங்களையும் மறுபடி வரைந்தவரை எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நீங்கள் பள்ளிக்கூடப் பையன் என்கிறீர்கள்.

தூண் போன்ற பெண்ணுக்கு வருகிறேன். அவர் மரி லோரன்சான், அவரும் ஓவியர்தான், அப்போது அப்போலினேரின் காதலி. நேரில் ஒல்லியானவர். ரூசோ கண் தெரியாமல் பெருக்கிவிடவில்லை. பாட்டுக்குப் பிறப்பிடமான தேவதையாக அவரை நிறுத்துகிறார்: தலையில் பூவளையம், தரைவரை தொங்கும் அங்கி, மேலே உயர்த்திய கை. பக்கத்தில் கவிஞர் ஒரு கையில் இறகுப் பேனாவும் மறு கையில் தாள்சுருளுமாக, சொல் வரட்டும் என்று காத்து நிற்கிறார். தேவதை அந்த இடத்தில் மெலிந்து நின்றால் யாருக்கு அருளுவாள்?

பொறுத்துக்கொண்டார் என்ற சொல்லே சரியில்லை. 1908இல் பிக்காசோ தம் கூடத்தில் ரூசோவுக்கு விருந்து வைத்தார். அன்றைய கொண்டாட்டத்தில் கேலியும் கலந்திருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே எழுந்து அவரைப் பாடியவர் அப்போலினேர். 1910இல் ரூசோ இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லில் அப்போலினேர் ஒரு கவிதை எழுதினார். சிற்பி பிராங்குஷி அதை வெட்டிப் பதித்தார். ரூசோவே, சொர்க்கத்தின் வாசலில் எங்கள் மூட்டைகளை வரி கேட்காமல் உள்ளே விடும், உமக்குத் தூரிகையும் வண்ணமும் துணியும் கொண்டுவருகிறோம் என்று அந்தப் பழைய சாவடிக் குமாஸ்தாவிடம் கேட்கிறது அது.