'அடக்குமுறைதான் காரணம்' என்று மட்டும் எழுதினால் போதாது

வணக்கம் தம்பி. ஜப்பானில் 1926 டிசம்பரில் தொடங்கிய சமூக மக்கள் கட்சி வளராமல் போனதற்கு ஜப்பானியப் போலீஸ்தான் காரணம் என்று எழுதியதை உங்கள் வழிகாட்டி ஏற்கவில்லை என்கிறீர்கள். அவர் பக்கம்தான் நியாயம். கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்த 1928 மார்ச் 15 கைதுகளும் அதையடுத்த தடையும் விழுந்தது இடதுபுறம் இருந்த தொழிலாளர்-விவசாயிகள் கட்சி மீது. அபே இசோவும் கத்தயாமா தெத்சுவும் நடத்திய இந்த மிதவாதக் கட்சி கம்யூனிஸ்டுகளை அண்டவே விடவில்லை, அதனால் தப்பியது.

உங்கள் கட்டுரைக்குச் சரக்கு 1925 தேர்தல் சட்டத்தில் இருக்கிறது. 25 வயதான ஆண்களுக்கெல்லாம் ஓட்டு கொடுத்து, வாக்காளர் எண்ணிக்கையை ஏறத்தாழ 33 லட்சத்திலிருந்து 1.24 கோடியாக்கிய அதே சட்டம், வேட்பாளரிடம் 2,000 யென் டெபாசிட் கேட்டது. ஒரு ஆலைத் தொழிலாளிக்கு அது சில வருடக் கூலி! வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கவும் தடை. காசில்லாத கட்சிக்கு நடந்துபோய் ஓட்டுக் கேட்கும் வழியும் இல்லையென்றால் என்ன மிச்சம்?

போதாக்குறைக்கு, பாட்டாளி ஓட்டைப் பங்குபோடப் பல கட்சிகள். 1928 நாடாளுமன்றத் தேர்தலில் 466 இடங்களில் அவை எல்லாம் சேர்ந்து பிடித்தது 8; அதில் சமூக மக்கள் கட்சிக்கு 4.

ஒன்று கவனியுங்கள்: 1932இல் இன்னொரு பாட்டாளிக் கட்சியோடு இணைந்து சமூக வெகுஜனக் கட்சியான பிறகு, 1936இல் 18 இடம், அடுத்த வருடமே அதைப்போல இரு மடங்கு. ஆனால் அதற்குள் ராணுவத்தோடு ஒத்துப்போகத் தொடங்கியிருந்தார்கள். நானாக இருந்தால் அந்த வளர்ச்சியைத்தான் கட்டுரையின் மையக் கேள்வியாக வைப்பேன்.