25 வயதில் பந்தயத்துக்கு வந்தவர்

கேள்வி: பிரான்சில் கட்டட வேலை செய்யும் என் அண்ணாவோடு ஒரு போர்த்துக்கீசரும் வேலை செய்கிறார். வாய் திறந்தால் அகொஸ்தின்யோ என்ற சைக்கிள் வீரரின் கதைதானாம். டூர் டி பிரான்சில் அவர் ஒருமுறையும் முதலாவதாக வரவில்லையே, பிறகு ஏன் இவ்வளவு அபிமானம்? எனக்கு 23 வயது. இனிப் பந்தயத்துக்குப் பழகலாமா?
– வாசகர் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: தாராளமாகப் பழகலாம், தம்பி. ஜோவாக்கிம் அகொஸ்தின்யோ பந்தயத்துக்கு வந்ததே 25 வயதில்தான். 1943இல் போர்த்துக்கலின் தொரெஸ் வெத்ராஸ் நகரப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். அப்போது போர்த்துக்கலின் காலனியாக இருந்த மொசாம்பிக்கில் நடந்த போருக்குப் படைவீரனாகப் போய்த் திரும்பிய பிறகு, 1968இல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகத்துக்காக ஓடத் தொடங்கினார். அடுத்த வருடமே டூர் டி பிரான்ஸ்! பல நாள் நடக்கும் அந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம். இரண்டு கட்டங்களை வென்று, மொத்தத்தில் எட்டாவது இடத்தைப் பிடித்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் கரியரில் நெல்மூட்டை கட்டி மிதித்த நம் ஆட்களின் கால்களுக்கும் ஒரு பந்தயச் சைக்கிள் கிடைத்திருந்தால் என்று நான் இன்றும் ஏங்குவதுண்டு.

அபிமானத்துக்கு வருவோம். அறுபது, எழுபதுகளில் வறுமைக்கும் சர்வாதிகாரத்துக்கும் கட்டாயப் படைச்சேவைக்கும் தப்பி லட்சக்கணக்கான போர்த்துக்கீசர் பிரான்சுக்குப் போனார்கள். பலரிடம் விசா கிடையாது. கட்டட வேலை, துப்புரவு வேலை என்று கிடைத்ததைச் செய்தார்கள். அப்படிப்பட்டவர்கள் றோட்டோரம் நிற்கும்போது, உலகின் பெரிய வீரர்களுக்கு நடுவே தங்கள் ஊர்க்காரன் ஒருவன் மலையேறி வருகிறான். அது எப்படி இருந்திருக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நம் வீடுகளில் பாதிப்பேர் அங்கேதானே. 1978, 1979 இரண்டு வருடமும் அவர் மூன்றாமிடம். 1979இல் 36 வயதில் அல்ப் துவெஸ் மலைக்கட்டத்தை வென்றார். அந்த மலைப்பாதையின் வளைவொன்றில் இன்றும் அவர் சிலை இருக்கிறது. ஸ்பெயினின் பெரிய சைக்கிள் பந்தயமான வுவெல்தாவில் 1974இல் வெறும் 11 செக்கனில் முதலிடம் போனது. அந்த 11 செக்கன் எனக்கே வலிக்கிறது.

1984இல் போர்த்துக்கலின் அல்கார்வ் பந்தயத்தில் முன்னணியில் இருந்தவரின் குறுக்கே, முடிவுக்கோட்டுக்குக் கிட்ட, ஒரு நாய் ஓடியது. விழுந்து தலை அடிபட்டது. தலைக்கவசம் இல்லை. எழுந்து, மற்றவர்கள் தாங்கக் கோட்டைத் தாண்டினார். பிறகு நினைவிழந்தவர் மே 10இல் இறந்தார். வயது 41.

உங்கள் றோட்டில் விடியப்புறம் நாயும் மாடும் எப்படிக் குறுக்கே வரும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே முதல் காசில் தலைக்கவசம் வாங்குங்கள், சைக்கிள் இப்போதைக்கு வீட்டில் நிற்கும் லுமாலாவே போதும். சீற்றை மட்டும் சரியாக வையுங்கள். மிதி கீழே இருக்கும்போது குதிக்கால் பட்டால் கால் நேராக நிற்க வேண்டும். சீற் தாழ்ந்த சைக்கிளை ஓடி முழங்கால் நோவோடு என் திருத்தகத்துக்கு வருகிற பெடியள் அநேகம்.

அப்புறம், அண்ணாவின் நண்பரிடம் ஜோவாவோ அல்மெய்தாவைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். 2025 வுவெல்தாவில் அங்லிரு மலைக்கட்டத்தை வென்று, மொத்தத்தில் இரண்டாவதாக வந்த போர்த்துக்கீசர் அவர். இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறார்.